கோதுமையை விட்டுவிட்டு டெஸ்ட்டுக்குப் போகாதீர்கள்

இரண்டு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் என் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. குடியாத்தத்தில் பார்த்த டாக்டர் மாத்திரையை மாற்றினார், பூச்சி மருந்து கொடுத்தார். அத்தை பேரீச்சம்பழ டப்பாவைத் தலைமாட்டிலேயே வைத்துவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

"கோதுமை ஒத்துக்கலையோ என்னவோ" என்று தங்கை சொன்னதும் சப்பாத்தி, ரவை, சேமியா எல்லாவற்றையும் நிறுத்தினேன். வயிற்று உப்புசம் குறைந்தது. மூன்று மாதம் கழித்துத்தான், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்க, வேலூருக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

"வெறும் வயித்துல வரணுமா?" என்று கேட்டேன். "வேணாம்மா, சாப்ட்டே வாங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். என்ன சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. டி.டி.ஜி. என்ற அந்த ரத்த டெஸ்ட் தேடுவது, கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போவதால் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளை. நிறுத்தி மாதக்கணக்கானால் அது குறைந்துவிடும். ரிசல்ட் நெகட்டிவ். காசும் போச்சு, ஒரு நாள் லீவும் போச்சு.

அப்புறம் பார்த்த குடல் டாக்டர் முதலில் கேட்டதே "கோதுமையை எப்ப நிறுத்துனீங்க?" என்றுதான். மறுபடியும் ஆறு வாரம், தினமும் இரண்டு வேளை சப்பாத்தி. வயிறு பானை மாதிரி ஆனது. "வேணாம்னு நிறுத்தறே, வேணும்னு திங்கறே" என்று அத்தைக்கு எரிச்சல்.

இந்தத் தடவை பாசிட்டிவ். எண்டோஸ்கோப்பியில் சதை எடுத்துப் பார்த்து, சீலியாக் என்று உறுதி செய்தார்கள். சிறுகுடலின் ஆரம்பப் பகுதியில்தான் இரும்பு உறிஞ்சப்படுகிறதாம். இந்த நோய் கெடுப்பதும் அதே இடத்தைத்தான். மாத்திரை எப்படி ஏறும்? துத்தநாகமும் வைட்டமின் டி-யும்கூடக் குறைவாகவே இருந்தன. இரும்பை டிரிப்ஸில் ஏற்றினார்கள்.

இனி கோதுமையே கூடாது என்றார்கள். கேழ்வரகுக் களி இருக்கும் ஊரில் என்ன கவலை என்று நினைத்தேன். ஆனால் மாவு மெஷினில் எனக்கு முன்னால் அரைத்தது கோதுமை. "கல்லைக் கழுவவா முடியும் அக்கா?" என்றார் மெஷின்காரர். இப்போது வீட்டு மிக்சிதான். ரசம் பத்திரம் என்று நம்பியிருந்தேன். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தால் மைதா!

போன வாரம் ஹீமோகுளோபின் 11.2. மகளுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், ரத்த உறவில் வருமாம். அவள் நேற்று பரோட்டா கேட்டாள். ரத்தம் எடுக்கும்வரை தின்னட்டும் என்று நானே வாங்கிக் கொடுத்தேன்.