போட்டிக் காருக்கு மோட்டார் டிரைவர்: இரண்டாவது போர்டு

சின்ன மாடல் கார்தான்: 380 வகை பிரஷ் மோட்டார், இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. மோட்டாரை இரு திசையிலும் சுழற்றும் ஹெச் பிரிட்ஜுக்கு நான்கு ஐஆர்எல்ஆர்7843 மாஸ்ஃபெட் (மின் சுவிட்ச்), அவற்றை ஓட்ட இரண்டு ஐஆர்2104 டிரைவர் சிப்.

முதல் போர்டு படுத்தது, மாஸ்ஃபெட்டைத் திறக்கும் கேட் மின்னழுத்தத்தில்தான். ஐஆர்2104 கேட்பது குறைந்தது 10 வோல்ட். பேட்டரியோ முழு சார்ஜிலேயே 8.4. சில சிப் கண்ணே திறக்காது. சில சிப், சக்கரம் அந்தரத்தில் இருக்கும்வரை ஓடும். தரையில் வைத்து வேகம் கொடுத்ததும் பேட்டரி இறங்கி விக்கும். புரோகிராமில் தப்பு தேடி நாள் கணக்கில் வீணாகும் இடம் இது.

அதனால் இப்போது வோல்ட்டை உயர்த்தித் தர எம்டி3608 பூஸ்ட் சிப். வெளிவரும் வோல்ட்டை நிர்ணயிக்கும் ஃபீட்பேக்கில் 22 கே, 1.2 கே ரெசிஸ்டர் போட்டால் 11.6 வோல்ட் வரும். திருகு பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வைத்த ரெடிமேட் மாட்யூல் வேண்டாம். அதிர்வில் பிரீசெட் தொடர்பு விட்டால் வோல்ட் ஏறிக்கொண்டே போகும்; ஐஆர்2104 தாங்குவது 25 வரைதான்.

கன்ட்ரோலர் 3.3 வோல்ட் என்றால் அதற்கும் ஐஆர்2104க்கும் நடுவில் சிக்னலை உயர்த்த 74ஹெச்சிடி244 பஃபர் சிப், 5 வோல்ட் சப்ளையில். 'டி' இல்லாத ஹெச்சி வாங்கிவிடாதீர்கள், அது 3.5 வோல்ட் வந்தால்தான் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். ஐஆர்2104ஐ நிறுத்திவைக்கும் எஸ்டி காலுக்கு கிரவுண்டோடு 10 கே ரெசிஸ்டர்; இல்லையென்றால் கன்ட்ரோலர் விழிக்கும் முன்பே கார் பாயும். மேல் மாஸ்ஃபெட்டைத் திறக்க வோல்ட் சேர்த்துவைக்கும் பூட்ஸ்ட்ராப்புக்கு 1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், எஸ்எஸ்14 டயோடு. 1என்4007 மெதுவானது, உதவாது. வேகத்தைக் கட்டுப்படுத்த ஆன், ஆஃப் செய்யும் பிடபிள்யூஎம் 16 கிலோ ஹெர்ட்ஸ், ட்யூட்டி (ஆனில் இருக்கும் பங்கு) 95 சதவீதத்தோடு நிறுத்தம்: முழு 100 கொடுத்தால் பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர் நிரம்ப நேரமே இருக்காது.

அடுத்தது சூடு. வேலூரை வெயிலூர் என்பது சும்மா இல்லை. டேட்டாஷீட்டின் 25 டிகிரியை மறந்துவிட்டு, மே மாதத்து 42இல் கணக்கை ஆரம்பிக்க வேண்டும். 10 ஆம்பியரில் ஒரு மாஸ்ஃபெட்டில் சூடேறிய நிலையில் அரை வாட். ஒரு சதுர அங்குல செம்பு இருந்தால் 25 டிகிரி ஏறும், 67இல் நிற்கும், பயமில்லை. 20 ஆம்பியர் தொடர்ந்து இழுத்தால் 140 தாண்டும்.

ஆனால் பலர் பார்க்காதது டிராக், அதாவது போர்டில் கரண்ட் ஓடும் செம்புப் பாதை. 35 மைக்ரான் செம்பில் 10 மில்லிமீட்டர் அகலம், 50 நீளம் என்றால் 2.5 மில்லி ஓம். மாஸ்ஃபெட்டே 3.3 தானே! டிராக் மேல் இருக்கும் மாஸ்க் பூச்சைத் திறந்துவிட்டு, 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரிங் கம்பியை உரித்து டிராக் மேல் படுக்கவைத்து ஈயம் ஓட்டினால் அரை மில்லி ஓமுக்கு இறங்கும்.

முதல் முறை பவர் கொடுக்கும்போது மோட்டாரைக் கழற்றிவிட்டு, பேட்டரியோடு தொடரில் பைக் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட். ஒரு முறை மின்னி அணைந்தால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் மேல் கீழ் மாஸ்ஃபெட் இரண்டும் சேர்ந்து திறக்கிறது, அல்லது எங்கோ ஈயம் பாலம் போட்டிருக்கிறது. ஒரு சின்ன பல்பு நான்கு மாஸ்ஃபெட்டைக் காப்பாற்றும்.

பிரேக் சோதனையை மட்டும் பெஞ்ச் சப்ளையில் செய்யக் கூடாது. மோட்டார் திருப்பி அனுப்பும் கரண்டை பேட்டரி வாங்கிக்கொள்ளும், சப்ளை வாங்காது; வோல்ட் எகிறும், மாஸ்ஃபெட்டின் எல்லை 30. பேட்டரி முனையில் எகிறும் வோல்ட்டை அடக்கும் எஸ்எம்பிஜே12ஏ டயோடு ஒன்றும், 470 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டும் இந்த முறை சேர்ந்தாயிற்று.