மெயின்ஃபிரேம் வேலையை எடுப்பதா, விடுவதா?

வேலையில் சேர்ந்த புதிதில் என்னை மெயின்ஃபிரேம் (பெரிய நிறுவனங்களின் கணக்குகளை ஓட்டும் பெருங்கணினி) குழுவில் போட்டார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸுக்கு வேலையே இல்லை. கூட வந்தவர்கள் ஜாவா பக்கம் போனபோது, நான் மட்டும் காலத்தில் பின்னால் போகிறேனோ என்று பயந்தேன்.

"பழசாச்சே" என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இங்கே ஓடும் நிரல்மொழி கோபோல் தொடங்கியது 1959இல், ஐபிஎம்மின் சிஸ்டம்/360 மெயின்ஃபிரேம் வந்தது 1964இல், உண்மைதான். ஆனால் பெரிய வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றின் கணக்குவழக்கு இன்னும் அந்த வம்சத்தில்தான் ஓடுகிறது. ஐபிஎம் 2022இல் இசட்16, 2025இல் இசட்17 என்று புது இயந்திரங்களை இறக்கிக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு: அடுத்தவர் எழுதிய நிரலை நாள்கணக்கில் வாசிக்கும் பொறுமை உங்களுக்கு உண்டா? இங்கே புதிதாக எழுதுவது குறைவு, வாசிப்பதுதான் அதிகம்.

முதல் மாதமே ஒரு பேட்ச் ஜாப் (மொத்தமாகத் தானே ஓடும் வேலை) எஸ்0சி7 என்ற பிழைக் குறியோடு அபெண்ட் ஆகி, அதாவது பாதியில் முறிந்து, நின்றது. எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள். டம்பில் (முறிந்த நேரத்து நினைவகப் பதிவு) கிடைத்த ஆஃப்செட்டை (நிரல் நின்ற இடத்தின் எண்) கம்பைல் லிஸ்டிங்கோடு (கம்பைலர் தரும் நிரல் பட்டியல்) ஒப்பிட்டு, வரியைப் பிடிக்க ஒரு முழு நாள் ஆயிற்று. காம்ப்-3 ஃபீல்டில் (அரை பைட்டுக்கு ஓர் இலக்கமாக எண்ணை அடைக்கும் வகை) 40 40 40 என்று கிடந்தது. மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீட்டு முறையான எப்சிடிக்கில் 40 என்றால் வெறும் ஸ்பேஸ். கடைசி அரை பைட்டில் கூட்டல், கழித்தல் குறி இருக்க வேண்டும்; அங்கே பூஜ்யம். அதைக் கண்டபோது வந்த சந்தோஷம்தான் என்னை இங்கேயே இருக்க வைத்தது. உங்களுக்கு அது சலிப்பாகத் தோன்றினால், தயங்காமல் வேறு பக்கம் போங்கள்.

ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம். சொந்தக் கணினியில் கோபோல் எழுதிப் பார்க்க க்னூகோபோல் கம்பைலர் இலவசம். மாஸ்டர் (நிலையான விவரம்), டிரான்சாக்ஷன் (அன்றாடப் பரிவர்த்தனை) என இரண்டு ஃபைல்களை கீ (கணக்கு எண் போன்ற அடையாளம்) வரிசையில் படித்து மேட்ச் செய்யும் நிரல் ஒன்றை நீங்களே எழுதுங்கள். நிஜ இசட்/ஓஎஸ் (மெயின்ஃபிரேமின் இயங்குதளம்) தொட்டுப் பார்க்க ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற பயிற்சித் தளம் இருக்கிறது, அதுவும் இலவசம். ஜேசிஎல்லில் (ஜாபை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் மொழி) காண்ட் என்ற நிபந்தனை பாராமீட்டர் எல்லோரையும் குழப்பும்: நிபந்தனை உண்மையானால் அந்த ஸ்டெப் ஓடாது, தாண்டப்படும். ஐபிஎம்மின் தரவுத்தளமான டிபி2 வழியாக எஸ்க்யூஎல்லை (தரவுத்தளத்தைக் கேட்கும் மொழி) ஆழமாகப் படியுங்கள். நாளை துறை மாறினாலும் அது கூட வரும்.

வேலை கிடைத்தால் சேரும் முன் இரண்டைக் கேட்டுவிடுங்கள்: இரவு ஆன்-கால் (கூப்பிட்டால் உடனே கவனிக்கும் முறை) எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? புது மேம்பாடா, வெறும் பராமரிப்பா? நான் கேட்கவில்லை. முதல் ஆறு மாதம் டிக்கெட் (பதிவாகும் புகார்) மூடுவதிலேயே போனது.