சென்னையில் தொண்டு அறக்கட்டளை: பத்திரம் முதல் 80ஜி வரை நடைமுறையில் பார்த்தவை

பள்ளியைக் கட்டுவதும் ஆசிரியரைப் போடுவதும் அரசு. கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ ஒரே அறை வீட்டில் இருக்கும் பிள்ளை சாயங்காலம் எங்கே உட்கார்ந்து படிக்கும் என்பதற்கு எந்த அரசாணையிலும் பதில் கிடையாது. தொண்டு நிறுவனங்களுக்கு வேலை இருப்பது இந்த இடைவெளியில்தான். சில இடங்களில் அரசே கூப்பிட்டுக் கொடுக்கிறது: சென்னை மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள்தான் நடத்துகின்றன. எப்படி வந்தாலும் முதலில் கேட்கப்படுவது காகிதம். அதை ஒழுங்காகச் செய்துகொள்ளும் வழி இது.

சட்டப்படி மூன்று வடிவங்கள் உண்டு. சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் என்று தொடரும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் ஆரம்பித்தால் பெரிய நன்கொடையாளர்கள் விரும்புவார்கள், ஆனால் ஆடிட்டர் செலவு கடிக்கும். நாலைந்து பேர் சேர்ந்து மாலை வகுப்போ மருத்துவ முகாமோ நடத்த அறக்கட்டளை போதும்.

அறக்கட்டளையில் எல்லாமே பத்திரத்தில் இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருக்கும் பத்திர எழுத்தரிடம் போனால் ஒரு மாதிரிப் பத்திரத்தில் பெயரை மாற்றி மதியத்துக்குள் கொடுத்துவிடுவார். சார்பதிவாளரும் பதிவு செய்துவிடுவார். சிக்கல் பிறகு வரும், ஏனென்றால் அந்தப் பத்திரத்தை வரி வரியாகப் படிக்கப்போவது வருமான வரித் துறையின் விலக்குப் பிரிவு. அவர்கள் தேடுவது இவை: அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது, வருமானம் இந்தியாவுக்குள் மட்டுமே செலவாகும், அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ லாபம் போகாது, கலைக்க நேர்ந்தால் மிச்சச் சொத்து இதே போன்ற நோக்கமுள்ள, வரிவிலக்குப் பதிவு பெற்ற இன்னொரு அமைப்புக்குப் போகும். கடைசி ஷரத்து இல்லாமல் வரும் பத்திரங்கள் ஏராளம். பிறகு திருத்தப் பத்திரம் எழுதி, மறுபடி முத்திரைத்தாள் வாங்கி, மறுபடி எல்லோரும் கையெழுத்துப் போட வரவேண்டும்.

நோக்கங்களை எழுதும்போது ஆசைப்படக் கூடாது. கல்வி, மருத்துவம், கோசாலை, கோயில் திருப்பணி, யோகா, விதவை மறுவாழ்வு என்று இருபது வரி எழுதினால் அலுவலர் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்கலாம். ‘எங்கள் சமூகத்துப் பிள்ளைகளுக்கு’ என்று ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என எழுதினால் 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை தரும் அங்கீகாரம்) கிடைக்காது. மதச் செலவு மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினாலும் 80ஜி போச்சு. உண்மையில் செய்யப்போகும் இரண்டு மூன்று வேலைகளை எழுதுங்கள்.

சட்டப்படி இரண்டு அறங்காவலர் போதும் என்பார்கள். ஆனால் தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிவு செய்யும்போது மூன்று பேரின் விவரம் கேட்கும். முதலிலேயே மூவராக வையுங்கள். கணவன், மனைவி, மகன் என்று வைப்பதைச் சட்டம் தடுக்காது. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) ஆட்கள் அதைப் பார்த்ததும் கோப்பை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

பெயர்த் தகராறு நம்மூருக்கே உரியது. ஆதாரில் ‘முருகன் கே’, பானில் ‘கிருஷ்ணன் முருகன்’, வாக்காளர் அட்டையில் வெறும் ‘முருகன்’. இனிஷியலை அப்பா பெயராக விரித்த பான் அட்டைகள் இணையதளச் சரிபார்ப்பில் நின்றுவிடும். பத்திரம் எழுதும் முன்பே மூவரின் ஆதாரையும் பானையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். ஆதாரோடு கைபேசி எண் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அறக்கட்டளையின் பெயருக்கும் இதே கவனம் தேவை. பத்திரம் தமிழில் இருந்தால், ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அதிலேயே ஒருமுறை எழுதிவிடுங்கள். பான், வங்கி, தர்பன் மூன்றிலும் ஒரு எழுத்து மாறினாலும் பின்னால் கடிதப் போக்குவரத்துதான்.

பதிவுக்குப் பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் விவரங்களை ஏற்றி, கட்டணம் கட்டி, டோக்கன் வாங்கவேண்டும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால் அன்றைய தொகையைத் தளத்திலேயே பாருங்கள். நிறுவனர், அறங்காவலர்கள், அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள் நேரில் வரவேண்டும். புகைப்படமும் கைரேகையும் அங்கேயே எடுப்பார்கள். அலுவலக முகவரி வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் அண்மைய மின்கட்டண ரசீதும் கையில் இருக்கட்டும். அசையாச் சொத்து இல்லாத அறக்கட்டளைப் பத்திரம் 4-ஆம் புத்தகத்தில் ஏறும். அது வில்லங்கச் சான்றில் வராது. நகலும் யார் கேட்டாலும் கிடைக்காது, எழுதிக்கொடுத்தவருக்கோ அதன்கீழ் உரிமை கோருபவருக்கோதான். மூலப் பத்திரம் தொலைந்து, நிறுவனரும் காலமாகிவிட்டால் பெரும் அலைச்சல். நாலைந்து சான்றிட்ட நகல்களை உடனே வாங்கி வைப்பது நல்லது.

அடுத்து பான், வங்கிக் கணக்கு, தர்பன் எண். அதன் பிறகு வருமான வரித் தளத்தில் படிவம் 10ஏ. அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏபி (பேச்சில் 12ஏ) பதிவுக்கு ஒன்று, 80ஜி-க்கு ஒன்று என்று இரண்டு தனி விண்ணப்பம். ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டும் முடிந்தது என்று இருந்தவர்கள் நன்கொடையாளர் சான்றிதழ் கேட்கும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள். புதிய அமைப்புக்கு மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். இதற்குப் பெரிய விசாரணை இருக்காது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆடிட்டர்கள் பேச்சில் 12ஏ, 80ஜி என்ற பழைய பெயர்கள்தான் ஓடுகின்றன, இங்கும் அப்படியே எழுதியிருக்கிறோம். தாக்கல் செய்யும் நாளில் தளத்தில் இருக்கும் படிவ எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையான தேர்வு, தற்காலிகப் பதிவை முறையான பதிவாக்கும் படிவம் 10ஏபி. செயல்பாடு தொடங்கி ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிவதற்கு ஆறு மாதம் முன்பு, இதில் எது முதலில் வருகிறதோ அதற்குள் போடவேண்டும். பெரும்பாலோர் மூன்று ஆண்டு இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதக் கணக்கு முதல் வகுப்பு நடந்த நாளிலிருந்து ஓடுகிறது. விசாரணை நோட்டீஸ் தபாலில் வராது. தளத்திலும் மின்னஞ்சலிலும் மட்டும்தான். பதில் சொல்ல ஒன்றிரண்டு வாரம். ஆடிட்டர் அலுவலகத்தில் யாரோ ஒரு உதவியாளரின் மின்னஞ்சலைக் கொடுத்து, அவர் வேலை மாறிப்போய், நோட்டீஸைப் பார்க்க ஆளில்லாமலே விண்ணப்பங்கள் தள்ளுபடியாவதுண்டு. அறங்காவலர் ஒருவரின் மின்னஞ்சலையும் கைபேசியையும் கொடுங்கள்.

விசாரணையில் கேட்பது பில், வவுச்சர், வங்கிக் கணக்கு விவரம், தேதியோடு நிகழ்ச்சிப் புகைப்படம், பயனாளிகள் பட்டியல், அறங்காவலர்களுக்குக் கொடுத்த பணம் இருந்தால் அதன் காரணம். ஆகவே வவுச்சர் பழக்கம் முதல் நாளே வேண்டும். பிள்ளைகளுக்கு வாங்கிய சுண்டலுக்குப் பில் வராது என்பது உண்மைதான். வவுச்சரில் தேதி, தொகை, எத்தனை பேருக்கு, வாங்கியவர் கையெழுத்து, கடைக்காரர் கைபேசி எண் இருந்தால் யாரும் மறுப்பதில்லை. ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது அறச்செலவாகக் கணக்கில் ஏறாது. ஆண்டு வருமானத்தில் 85 சதவீதம் அதே ஆண்டில் செலவாகவேண்டும். முடியாவிட்டால் உரிய படிவத்தைக் காலத்தில் போட்டு ஒதுக்கிவைக்கவேண்டும்.

வெள்ளக் காலத்தில் நடப்பதைத் தனியாகச் சொல்லவேண்டும். 2015-லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் பலர் தங்கள் சொந்த ஜிபே எண்ணைப் பகிர்ந்து நிதி திரட்டினார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பணம் அறக்கட்டளைக்கு வந்ததாகாது, 80ஜி கிடையாது, தனிநபரின் கணக்கில் விளக்கவேண்டிய வரவாக நிற்கும். அறக்கட்டளையின் கியூஆர் அட்டையை மழைக்காலத்துக்கு முன்பே அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பாய், போர்வையாகக் கொடுப்பவருக்கும் 80ஜி இல்லை. ரொக்கம் என்றால் ரூ.2,000 வரைதான். கொடுத்தவரின் பெயர், முகவரி, பான் மூன்றையும் பணம் வந்த அன்றே வாங்காவிட்டால் மே 31-க்குள் போடவேண்டிய 10பிடி என்ற நன்கொடையாளர் பட்டியலுக்காக ஏப்ரல் முழுக்கத் தொலைபேசியில் கெஞ்சவேண்டியிருக்கும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.200.

கம்பெனிப் பணம் வேண்டுமென்றால் சிஎஸ்ஆர்-1 பதிவு 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். 12ஏ, 80ஜி இரண்டும் கையில் இருக்கவேண்டும். அந்தக் கம்பெனியே தொடங்காத வெளி அமைப்பென்றால் மூன்றாண்டு வேலை அனுபவமும் கேட்பார்கள். வெளிநாட்டுப் பணத்துக்கான எஃப்சிஆர்ஏ பதிவை முதல் மூன்று ஆண்டுக்கு மறந்துவிடலாம். மூன்றாண்டு வயதும், அந்த மூன்றாண்டில் ரூ.15 லட்சம் செலவும் காட்டவேண்டும். கிடைத்த பின்னும் பணம் டெல்லி சன்சத் மார்க் ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வரவேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, இன்னொரு தொண்டு நிறுவனத்துக்குப் பகிரவும் முடியாது.

இத்தனை காகிதம் இருந்தாலும் பள்ளிக்குள் நுழையத் தனி அனுமதி வேண்டும். தலைமையாசிரியர் சரியென்று சொன்னால் போதாது. மாநகராட்சிப் பள்ளி என்றால் ரிப்பன் மாளிகையில் கல்வித் துறை, அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர். மனுவோடு பத்திர நகல், 12ஏ ஆணை, ஆண்டறிக்கை, வகுப்பெடுப்பவர்களின் பட்டியலும் அடையாளச் சான்றும் வையுங்கள். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கடிதம் ஒரு கல்வியாண்டுக்கு என்று வந்தால், அடுத்த ஆண்டுக்கான மனுவை ஏப்ரலில் பள்ளி மூடும் முன்பே கொடுத்து, நகலில் தபால் பிரிவு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.