ஐந்தாவது முறையில் உடையாமல் வந்த பிஸ்கட் ஓடு

நேற்று மாலை கத்தி இறங்கியபோது ஓரம் சிதறாமல், நொறுக்கிய பிஸ்கட்டும் வெண்ணெயும் அமுக்கிய ஓட்டில் பூரணம் ஊற்றிச் செய்த இனிப்புப் பை (pie) முழுத் துண்டாக எழும்பி வந்ததைக் கண்டு, நானும் மாமியாரும் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். முன்பு செய்த நான்கையும் கரண்டியால் அள்ளித்தான் பரிமாற வேண்டியிருந்தது.

அந்த நான்கையும் நான் சுடவில்லை. குளிர்ப்பெட்டியில் இறுகவிட்டதோடு சரி. வெண்ணெய் 32 முதல் 35 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். மலேசியாவில் நாங்கள் வாழும் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் வேளையில் எங்கள் சமையலறைச் சூடே ஏறக்குறைய அவ்வளவு இருக்க, வெண்ணெய் ஒன்றையே பிடிப்பாகக் கொண்ட ஓடு மேசைக்கு வந்த கால் மணி நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. இம்முறை ஓவன் அடுப்பில் 175 பாகையில் 10 நிமிடம் சுட்டேன். வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். அந்த ஈரத்தில் கரையும் சீனி சூட்டில் பாகாகி, ஆறியதும் கடலை மிட்டாயைப்போலத் துகள்களை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

23 செ.மீ. அச்சுக்கு மேரி பிஸ்கட் 200 கிராம், வெண்ணெய் 110 கிராம், சீனி 2 மேசைக்கரண்டி எடுத்தேன். டைஜெஸ்டிவ் பிஸ்கட்டில் கொழுப்பு கூடுதல் என்பதால் 90 கிராம் வெண்ணெயே போதும். ஆனாலும் நான் நம்புவது புட்டு மாவுப் பதத்தைத்தான்: கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

என் நேரத்தையெல்லாம் விழுங்கியது சுவரும் அடியும் சேரும் மூலை. அடியை முதலில் அமுக்கினால் மிச்சத் துகள் மூலையில் தடித்து, வெட்டும்போது கத்தி அங்கே சிக்கி, மேல்விளிம்பு உடைகிறது. ஆகவே சுவரை முதலில் எழுப்பி, நேரான பக்கமுள்ள கண்ணாடி டம்ளரை உள்ளே சுற்றி உருட்டி, மேல்விளிம்பைக் கட்டைவிரலால் தாங்கிக்கொண்டே அமுக்கினேன். அடிப்பாகத்தைக் கடைசியாகத்தான் தொட்டேன்.

அடி கழலும் அச்சு எங்கள் பட்டணத்தில் கிடைக்கவில்லை. ஈப்போவில் வாங்கி வந்தேன். தகர டின்னிலிருந்து எடைக்கு நிறுத்துத் தரும் பிஸ்கட் மலிவுதான் என்றாலும், ஒருமுறை ஒரு கடையில் முழுவதும் நமத்ததைக் கொடுத்துவிட்டார்கள் என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை. இப்போதெல்லாம் நொறுக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் அடுப்பில் காயவைத்துவிடுகிறேன்.

நேற்றைய பூரணம் டின் பாலும் கஸ்தூரி எலுமிச்சைச் சாறும் சேர்த்த எளிய கலவைதான். தீபாவளிக்குள் குலா மெலாக்கா என்னும் பனை வெல்லமும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த பூரணத்தை ஊற்றிப் பார்க்க வேண்டும். அதன் ஈரம் ஓட்டில் இறங்காதிருக்க, சுட்ட ஓட்டின் உட்புறம் முட்டை வெள்ளைக்கருவைப் பூசி, மீண்டும் இரண்டு நிமிடம் அடுப்பில் வைக்கப்போகிறேன். மீதிப் பாதிப் பை குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. மூன்றாம் நாளும் மொறுமொறுப்பு நிற்கிறதா என்று பார்த்தபின்தான் இந்த அளவைக் குறிப்பேட்டில் மையால் எழுதுவேன்.