காது மடலில் ஒரு முடிச்சு

திசு ஸ்லைடுகளை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவது என் அன்றாட வேலை. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு முதியவரின் காது மடலிலிருந்து எடுத்த 4 மில்லிமீட்டர் பயாப்ஸி என் மேசைக்கு வந்தது. கூட வந்த படிவத்தில் "காதில் சிவந்த முடிச்சு, 2 மாதம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. மேல்தோல் பழுதின்றி இருந்தது. அதையொட்டிக் கீழே வெளிறிய மெல்லிய கொலாஜன் பட்டை. அதற்கும் கீழே, ரத்தக்குழாய்களையும் மயிர்க்கால்களையும் சூழ்ந்து, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற சிறிய லிம்ஃபோசைட்டுகள் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) அடைந்து கிடந்தன. சாதாரண அழற்சியில் பல வகை அணுக்கள் கலந்திருக்கும். இதில் அந்தக் கலப்பு இல்லை. தோல் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டபோதுதான், சி.எல்.எல். எனப்படும் நாள்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப் புற்றுநோய் அந்த முதியவருக்கு 6 ஆண்டுகளாக இருப்பது தெரிந்தது.

அணுக்களிலுள்ள புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் பரிசோதனையும் அதற்கு ஒத்துவந்தது. லிம்ஃபோசைட்டுகளில் பி-செல், டி-செல் என இரு முக்கிய வகைகள் உண்டு; சி.எல்.எல். பி-செல்களின் நோய். சிடி எண்கள் அந்தப் புரதங்களின் பெயர்கள். பி-செல்களைக் காட்டும் சிடி20 மங்கலாகவும், சிடி23 தெளிவாகவும் தெரிந்தன. சி.எல்.எல். அணுக்களில் காணப்படும் சிடி5 இயல்பான டி-செல்களிலும் இருக்கும் என்பதால், அதைத் தனியாகப் படிக்கக் கூடாது. டி-செல்களைக் காட்டும் சிடி3 ஸ்லைடைப் பக்கத்தில் வைத்து, சிடி3 இல்லாத அணுக்களும் சிடி5 ஏற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏற்றிருந்தன. சைக்ளின் டி1 என்ற புரதத்துக்கான சாயத்தை ஏற்கவில்லை என்பதால், இதைப் போலவே தோன்றக்கூடிய மேன்டில் செல் லிம்ஃபோமா என்ற வேறொரு பி-செல் புற்றுநோயும் விலகியது. தோலில் ரத்தப் புற்றுநோய் ஊடுருவல் என்று எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஆனால் அந்த அணுக்கள் தோலில் இருப்பது வேறு, அந்த முடிச்சுக்கு அவையே காரணம் என்பது வேறு. சி.எல்.எல். என்று சொல்லவே ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் குறைந்தது 5,000 ஒரே குலத்து பி-செல்கள், அதாவது ஒரே அணுவிலிருந்து பெருகியவை, இருந்தாக வேண்டும். இத்தனை அணுக்கள் சுற்றிக்கொண்டிருக்கும் உடலில், தோலில் எங்கே அழற்சி எழுந்தாலும் அவையும் அங்கே வந்து சேரும். அக்கி ஆறிய தழும்பிலும், தோல் புற்றுநோயைச் சுற்றியும் அவற்றைக் காணலாம். இந்நோயாளிகளுக்குத் தோல் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது என்பதால் இது வெறும் ஏட்டுச் சந்தேகம் அல்ல. பூச்சிக்கடி போன்ற தடிப்புகளும் இவர்களுக்கு வரும். அவற்றில் பெரும்பாலும் டி-செல்களும் ஈசினோஃபில் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களும்தான் நிறைந்திருக்கும். மருந்து ஒவ்வாமையும் பூஞ்சைத் தொற்றும் தனிக் கணக்கு.

ஆகவே மறுபடியும் தொலைபேசியை எடுத்து, முடிச்சின் நடுவில் பொருக்கு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, பயாப்ஸி அதன் ஓரத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. நடுப்பகுதியிலிருந்து எடுத்த இரண்டாவது துண்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் தெளிவாகத் தெரிந்தது.

இந்த வேறுபாடு அறிக்கையின் சொல் நயத்துக்காக அல்ல. சி.எல்.எல். அணுக்கள் தோலில் தங்கியிருப்பது மட்டுமே பொதுவாக நோயின் போக்கை மோசமாக்குவதில்லை. அதை "நோய் பரவிவிட்டது" என்று எழுதினால் தேவையற்ற சிகிச்சை தொடங்கக்கூடும், அகற்ற வேண்டிய கட்டியோ காதிலேயே வளரும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: அணுக்கள் பெரிதாகி, வேகமாகப் பெருகுவதைக் காட்டும் கேஐ-67 சாயத்தை மிகுதியாக ஏற்றால், அது சி.எல்.எல். தீவிரமான லிம்ஃபோமாவாக மாறும் ரிக்டர் மாற்றமாக இருக்கலாம், அதைத் தவறவிடக் கூடாது. நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோய் என்ற வேறொரு வகையில் நிலை இன்னும் கடுமை. அங்கே தோலில் பிளாஸ்ட் எனும் முதிராத அணுக்கள் திரண்டிருந்தால், ரத்தம் அமைதியாகத் தோன்றினாலும் நோய் பிளாஸ்ட் கட்டம் என்ற தீவிர நிலைக்குப் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும்.

பயாப்ஸி அனுப்பும் மருத்துவர்களிடம் நான் உரிமையோடு கேட்பது, ரத்த நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்துகள், அந்த இடத்தில் முன்பு அக்கி வந்ததா என்பது, துண்டு எடுத்த இடம் ஆகிய நான்கையும் படிவத்தில் எழுதுங்கள் என்பதுதான். முடிந்தால், திசுவைப் பதப்படுத்தும் பார்மலினில் போடாத ஒரு சிறு துண்டையும், அணுக்களை ஒவ்வொன்றாக ஆராயும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனைக்கு அனுப்புங்கள். தோலில் உள்ள பி-செல்களும் ரத்தத்தில் உள்ளவையும் ஒரே குலமா என்பதை ஒப்பிட்டுச் சொல்ல அது உதவும்.