கோர் காலியாக இருந்தால் மட்டும் போதுமா?

கணினியின் சிபியுவில் 8 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), ஓட 8 த்ரெட் (நிரலின் தனித்தனி ஓட்டங்கள்), ஆளுக்கு ஒன்று. அப்புறம் ஏன் வேகம் 8 மடங்கு ஆவதில்லை? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் குடைந்தது.

கோர்கள் தனித்தனிதான். ஆனால் கடைசி நிலை கேஷும் (மெமரியின் தரவை அருகிலேயே வைத்திருக்கும் சிறிய, வேகமான சேமிப்பு) மெமரிக்குப் போகும் பாதையும் பெரும்பாலும் பொதுவானவை. ஒரு த்ரெட் பெரிய தரவை முழுக்கப் படித்துக்கொண்டே போனால், பக்கத்துக் கோரில் ஓடும் த்ரெட் கேஷில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெளியே தள்ளப்படும். அந்தப் பக்கத்துத் த்ரெட் மறுபடி மெமரிக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான சிபியு சுழற்சிகள் காத்திருப்பிலேயே கரையலாம்.

லினக்ஸில் எந்த த்ரெட் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலராக 2007-இல் வந்த சிஎஃப்எஸ் ஆகட்டும், 2023-இல் 6.6 பதிப்பில் அதன் இடத்துக்கு வந்த இஇவிடிஎஃப் ஆகட்டும், நியாயமாகப் பங்கிடுவது சிபியு நேரத்தைத்தான். மெமரிக்காகக் காத்துக் கிடந்த நேரமும் அந்தக் கணக்கில் ஓடிய நேரமே! இது சரியான நியாயமாக எனக்குப் படவில்லை.

இப்படிப் பொதுவான கேஷ் ஒன்றுக்கு மேல் இருந்தால், மெமரியை அதிகம் தின்னும் இரண்டு த்ரெட்களை ஒரே கேஷின் கீழ் விடாமல், கணக்கு மட்டும் போடும் த்ரெட்டோடு ஒவ்வொன்றையும் ஜோடி சேர்த்தால் நெரிசல் குறையும். எந்த த்ரெட் எந்தக் கோரில் ஓடலாம் என்று குறிக்க லினக்ஸில் டாஸ்க்செட் கட்டளை இருக்கிறது, நாமே செய்து பார்க்கலாம். ஒரே தரவைப் பகிரும் த்ரெட்களை மட்டும் பிரித்துவிடாதீர்கள். அவை பக்கத்தில் இருந்தால்தான் வேகம்.