ஒரே வார் ஃபைல், இரண்டு சர்வர்

போன மாதம் எங்கள் ரிப்போர்ட் பக்கம் ஒரு தடவை திறக்கும், அடுத்த தடவை 500 எரர் காட்டும். ரிஃப்ரெஷ் செய்தால் மறுபடி சரியாக வரும். வரும் ரிக்வெஸ்டுகளைப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சருக்குப் பின்னால் இரண்டு லினக்ஸ் சர்வர்கள், இரண்டிலும் ஜாவா வெப் அப்ளிகேஷனை ஓட்டும் டாம்கேட் 9, ஜாவா 8. லாகைத் தனித்தனியாகப் பார்த்தபோது முதல் சர்வர் சுத்தமாக இருந்தது. எல்லா எரரும் இரண்டாவதில்தான்: நோசச்மெத்தட்எரர். கூகுளின் ஜாவா லைப்ரரியான குவாவாவின் இம்யூட்டபிள்லிஸ்ட் கிளாஸில், அரே வாங்கும் காப்பிஆஃப் மெத்தட் இல்லையாம்.

"அண்ணா, ரெண்டுலயும் ஒரே வார்தான். செக்சம்கூடப் பார்த்துட்டேன்" என்றான் டெப்ளாய் செய்யும் தம்பி. மொத்த அப்ளிகேஷனையும் கட்டிய ஒற்றை ஃபைல்தான் வார். அவன் சொன்னது உண்மைதான். ஜார்கள் (லைப்ரரி கிளாஸ்களைக் கட்டிய ஃபைல்கள்) இருக்கும் லிப் ஃபோல்டரில், ஃபைல் பட்டியல் காட்டும் எல்எஸ் கமாண்டை அடித்தால் இரண்டிலும் ஒரே பட்டியல், குவாவா 18 உட்பட. வொர்க் ஃபோல்டரை அழித்து, மறுபடி டெப்ளாய் செய்து, ரீஸ்டார்ட் செய்து பார்த்ததிலேயே அரை நாள் போய்விட்டது.

கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன் வந்தால் கிளாஸே கிடைக்கவில்லை என்று அர்த்தம். நோசச்மெத்தட்எரர் வேறு. கிளாஸ் கிடைத்துவிட்டது, ஆனால் கம்பைல் செய்தபோது இருந்த கிளாஸ் இதுவல்ல. நாங்களோ ஜார் இருக்கிறதா என்றே தேடிக்கொண்டிருந்தோம். எந்த ஜாரிலிருந்து ஏறியது என்று ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்மிடம் கேட்டிருக்க வேண்டும். டாம்கேட்டின் செட்என்வ் ஸ்கிரிப்டில், எந்த கிளாஸ் எங்கிருந்து ஏறுகிறது என்று எழுதும் வெர்போஸ் கிளாஸ் ஆப்ஷனைச் சேர்த்து (ஜாவா 9 முதல் இதற்கு எக்ஸ்லாக் என்று தனி ஆப்ஷன் உண்டு) இரண்டு சர்வரையும் ரீஸ்டார்ட் செய்தேன். டாம்கேட்டின் லாக் ஃபைலான கேட்டலினா அவுட்டில் ஆயிரக்கணக்கில் வரிகள் கொட்டின. இம்யூட்டபிள்லிஸ்ட்டை மட்டும் கிரெப் கமாண்டால் தேடினேன். முதல் சர்வரில் அது குவாவா ஜாரிலிருந்து வந்திருந்தது. இரண்டாவதில் கூகுள் கலெக்‌ஷன்ஸ் 1.0 ஜாரிலிருந்து!

கூகுள் கலெக்‌ஷன்ஸ்தான் பிற்பாடு குவாவாவுக்குள் போனது. பேக்கேஜ் பெயர், கிளாஸ் பெயர் எல்லாம் அதேதான். ஆனால் எங்கள் பில்ட் கருவியான மேவனில் இரண்டுக்கும் குரூப் ஐடி வேறு, ஆர்ட்டிஃபேக்ட் ஐடியும் வேறு. அதனால் மேவன் இவற்றைச் சம்பந்தமில்லாத இரண்டு லைப்ரரியாக நினைத்து இரண்டையும் வாருக்குள் போட்டுவிடும். டிபென்டென்சி ட்ரீ எடுத்துப் பார்த்தால், ரிப்போர்ட்டுக்கு நாங்கள் சேர்த்திருந்த ஒரு பழைய லைப்ரரி இந்தப் பழைய ஜாரைக் கூடவே இழுத்து வந்திருந்தது.

சரி, ஒரு சர்வரில் மட்டும் ஏன்? ஒரே கிளாஸ் இரண்டு ஜாரில் இருந்தால், முதலில் படிக்கப்படும் ஜாரில் உள்ளதுதான் ஏறும். டாம்கேட் 7 வரை லிப் ஃபோல்டரில் உள்ள ஜார்கள் அகரவரிசையில் படிக்கப்பட்டன. 8 முதல் அப்படி இல்லை, ஃபைல் சிஸ்டம் கொடுக்கும் வரிசைதான். எங்கள் சர்வர்களில் இருப்பது எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். அது ஃபைல் பெயர்களின் ஹேஷ் (பெயரிலிருந்து கணக்கிடும் எண்) வரிசையில் பட்டியல் தரும், அந்தக் கணக்கின் தொடக்க எண்ணான சீட் ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் வேறு. எல்எஸ் தானாகவே அகரவரிசைப்படுத்திக் காட்டுவதால் இது எங்கள் கண்ணில் படவே இல்லை. வரிசைப்படுத்தாமல் காட்டச் சொல்லும் பெரிய யூ ஆப்ஷனோடு எல்எஸ் அடித்ததும் தெரிந்துவிட்டது: முதல் சர்வரில் குவாவா மேலே, இரண்டாவதில் கூகுள் கலெக்‌ஷன்ஸ் மேலே. அகரவரிசையாகவே இருந்திருந்தால் 'கூகுள்' முதலில் வந்து இரண்டு சர்வரும் முதல் நாளே விழுந்திருக்கும். எனக்கு அதுவே நல்லதாகப் படுகிறது. பாதி பேருக்கு மட்டும் வரும் எரரைத் தேடுவது அவ்வளவு கஷ்டம்.

மேவனின் பாம் ஃபைலில் அந்தப் பழைய ஜாரை விலக்க நான்கு வரி எக்ஸ்க்ளூஷன் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரே கிளாஸ் இரண்டு ஜாரில் இருந்தால் பில்டையே நிறுத்தும் பேன் டூப்ளிகேட் கிளாசஸ் என்ற விதியை மேவன் என்ஃபோர்சர் பிளகினில் சேர்த்தேன். முதல் பில்டே சிவப்பு. ஒரே கிளாஸ்களைக் கொண்ட லாகிங் லைப்ரரிகளான காமன்ஸ் லாகிங்கும் ஜேசிஎல் ஓவர் எஸ்எல்எஃப்4ஜேவும் ஒரே வாருக்குள் இத்தனை நாள் சேர்ந்து இருந்திருக்கின்றன. திங்கட்கிழமை அவற்றில் ஒன்றை எடுக்கப்போகிறோம்.